பார்க்கக் கற்ற வரலாறு

விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் ஆடினவர்களைப் பற்றி எழுதுவர். பார்த்தவர்களைப் பற்றி எழுதுவது அரிது. உடல் ஊனமுற்றோர் ஆடும் ஆட்டங்களின் கதையிலோ பார்த்தவர்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், தண்டுவடம் முறிந்த போர்வீரர்களுக்கென 1944இல் ஒரு தனிப்பிரிவு திறந்தனர். அதன் தலைவர் லுட்விக் குட்மன். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் ஜெர்மனியை விட்டு வந்த யூத மருத்துவர் அவர். இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவன் நெடுநாள் பிழைப்பான் என்று அக்காலத்தில் பெரும்பாலோர் எண்ணவில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே அவனைக் கொன்றன. குட்மன் நோயாளிகளை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்து உயிரைக் காத்தார். பின்பு கையில் வில்லைக் கொடுத்தார். வில் ஏன் என்று கேட்கலாம். அது தோளுக்கும் முதுகுக்கும் வலிவு தருவது. மேலும், அம்பெய்வதில் அமர்ந்தவனும் நின்றவனும் சமமன்றோ!

1948 ஜூலை 29. லண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் அம்மருத்துவமனையின் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்தனர். அவர்களுள் இருவர் பெண்டிர். 1960இல் உரோமாபுரியில் கூடியவர்கள் 23 நாட்டவர், ஏறத்தாழ 400 பேர். 2012இல் போட்டி லண்டனுக்கு வந்தபோது விற்ற நுழைவுச்சீட்டுகளோ சுமார் 27 லட்சம்!

நம் நாட்டுக் கதை அத்துணை இனியதன்று. 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடி பட்ட மராட்டிய வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் பொற்பதக்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதற் பொன் அது. அவருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது 2018இல். இடையில் கழிந்த 46 ஆண்டுகளில் அவர் பெயரை அறிந்தவர் நம்முள் எத்தனை பேர்? நானும் அறியேன்.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டிப் பொன் வென்றபோதுதான் நம் வீடுகளில் இப்பேச்சு புகுந்தது. நம்மில் பலருடைய தலைக்கும் மேலான உயரம் அது.

பார்ப்போர்க்கும் இங்கே பயிற்சி வேண்டும். பார்வையற்றவர் நீளம் தாண்டும்போது அரங்கம் வாய்மூடி இருத்தல் வேண்டும். மணற்குழியருகே நிற்கும் வழிகாட்டியின் குரலையும் கைத்தட்டையும் கொண்டே அவர் திசையறிந்து ஓடுகிறார். நம் ஆரவாரம் அவரைத் தடம் மாற்றிவிடும். கைதட்டலாம், கால்கள் மணலில் பதிந்த பின்பு.

2025இல் தில்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் உலகப் பாரா தடகளப் போட்டிகள் நடந்தபோது எங்கள் காலனியிலிருந்து சில குடும்பங்கள் சென்றிருந்தோம். ஒரு வீரர் தாண்டி வீழ்ந்ததும், “பாவம், பெற்றவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!” என்றார் எங்களுடன் வந்த பாட்டியார். அருகிலிருந்த பேரனோ, “எத்தனை மீட்டர், பாட்டி?” என்றான். அடுத்தவர் ஓடி வந்தபோது பாட்டியாரும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அளவுப் பலகையையே நோக்கியிருந்தார்.