கோழியறுப்பு (வீட்டு முறை)

வளர்த்த கோழியை வீட்டிலேயே இறைச்சிக்காக அறுப்பது. தமிழகத்தில் பெரும்பாலும் நாட்டுக்கோழி. முதல்நாள் இரவோடு இரையை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைப்பர். தீனிப்பையும் குடலும் காலியானால் சுத்தம் செய்வது எளிது. விடியுமுன் மங்கலில் பஞ்சாரத்திலிருந்து எடுத்தால் கோழி அதிகம் மிரளாது. துரத்திப் பிடிப்பதிலேயே பாதி வதை நடந்துவிடுகிறது. இறக்கைகளை உடலோடு அணைத்துப் பிடித்து, தாடைக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் இருபுறக் குருதிக்குழாய்களும் ஒரே இழுப்பில் அறுபடச் செய்ய வேண்டும். மொன்னைக் கத்தி ஆகாது. நினைவிழந்த பின்னும் வரும் சிறகடிப்பு அனிச்சைத் துடிப்பே. இரத்தம் வடிந்து, அசைவு முற்றும் அடங்கியபின்பே வெந்நீரில் முக்கலாம். இறகு பறித்து, மஞ்சள் தடவி நெருப்பில் வாட்டுவர். உணவுக்காகக் கொல்வதை இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கவில்லை. தேவையற்ற வலி தந்தால் அந்த விலக்கு கிடையாது.