சந்திரமுகியும் முட்டத்து மாளிகையும்

பாகூரிலும் வில்லியனூரிலும் ‘சந்திரமுகி’ (2005) படம் பார்த்தவர்கள் பலர். “அது உண்மையில் நடந்த பேய்க்கதை” என்பாரும் உண்டு. எவ்வளவு தூரம் உண்மை?

அப்படத்தின் மூலம், பாசில் இயக்கி 1993-இல் வெளிவந்த ‘மணிச்சித்ரதாழ்’ என்னும் மலையாளப் படம். கதை எழுதியவர் மது முட்டம். கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்து முட்டம் என்ற ஊரில், ஆலும்மூட்டில் குடும்பத்தின் பழைய மாளிகை உள்ளது. அங்கே நிகழ்ந்த கொலையே கதைக்கு வித்து என்பர். பழிவாங்கத் துடிக்கும் தஞ்சை நடனமங்கை நாகவல்லியோ கற்பனை. அவளே தமிழில் சந்திரமுகி ஆனாள்.

படத்தில் வரும் மருத்துவரும் பேய் என்று சொல்லவில்லை. கதாநாயகியைப் பீடித்தது ஆளுமைப் பிளவு என்னும் மனநோய் என்கிறார். இந்நோய்க்குப் பெரும்பாலும் இளமையில் பட்ட கடுந்துயரே காரணம். ஆனால் படத்தில் காட்டுவதுபோல் ஓரிரவு நாடகத்தில் இது தீராது. மருத்துவர் நோயாளியுடன் பலகாலம் பேசிப் பேசியே குணப்படுத்த வேண்டும்.

நம் கிராமங்களில் ஒரு பெண் குரல் மாறிப் பேசினால், “காத்து கருப்பு” என்று வேப்பிலையால் அடிப்பவர்கள் உண்டு. அந்த அடி பேய்க்கு வலிப்பதில்லை, பெண்ணுக்குத்தான் வலிக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. முதலில் அவளை அங்கே அழைத்துச் செல்வோம்.