எட்டயபுரத்துக்கு வந்த பிடில்

என் பள்ளிப்படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கே ஒரு வாத்தியாரிடம் இரண்டு வருஷம் ‘வியொலோன்’ படித்தேன். நின்றுகொண்டு, தாடைக்குக் கீழே இடுக்கி, ஐந்து கோடு போட்ட காகிதத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும். பிறகு குமாஸ்தா வேலை என்னை விளாத்திகுளத்தில் கொண்டுவந்து போட்டது.

இங்கே ஒரு பெரியவரிடம் பெட்டியைத் திறந்து, நின்றபடி வில்லை எடுத்தேன். “தம்பி, முதல்ல கீழ உக்காருங்க” என்றார். பிருடைகளைத் திருகி நாலு தந்தியையும் ச-ப-ச-ப என்று மாற்றினார். பிடிலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றச் சொன்னார். இப்படி வைத்தால் இடது கைக்குத் தாங்குகிற வேலை இல்லை. விரல் தந்தியில் இஷ்டத்துக்கு வழுக்கும், கமகம் வரும். எனக்கு வரவில்லை. ஒவ்வொரு சுரத்திலும் விரல் ஆணி அடித்த மாதிரி நின்றது. எட்டு மாசத்தில் விட்டுவிட்டேன்.

அவர்தான் பாலுசாமி தீட்சிதர் கதையைச் சொன்னார். முத்துசாமி தீட்சிதரின் கடைசித் தம்பி, பிறந்தது 1786. மணலி முதலியார் ஆதரவில் குடும்பம் சென்னைப் பக்கம் இருந்தபோது, கோட்டையில் வெள்ளைக்காரர் பாண்டு கேட்கப் போவார்களாம். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் பாட்டுக் கட்டினார். ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து ராஜ கீதத்தின் மெட்டுதான். தம்பிக்கோ பிடில் மேல் ஆசை. முதலியார் ஒரு ஐரோப்பியரை அமர்த்திக் கொடுக்க, மூன்று வருஷம் படித்தார். கிட்டத்தட்ட நான் படித்த காலம்தான். ஆனால் அவர் அதே பிடிலில் நம் கீர்த்தனைகளை வாசித்துக் காட்டினார். பக்கத்து எட்டயபுரம் ஜமீன் அவரைக் கூப்பிட்டு ஆஸ்தான வித்துவானாக வைத்துக்கொண்டது. முத்துசாமி தீட்சிதரும் 1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில்தான் காலமானார்.

முதல் பெருமை வடிவேலுவுக்கு என்பார்கள் தஞ்சாவூர்க்காரர்கள். சுவாதித் திருநாள் 1834-ல் அவருக்கு தந்தத்தில் பிடில் கொடுத்தாராம். கொடுக்கட்டும், பாலுசாமி அவரைவிட இருபத்துநாலு வயசு மூத்தவர்!

இவ்வளவும் மறையாமல் இருப்பதற்குக் காரணம் அவருடைய மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர். தாத்தாவிடமே வளர்ந்தவர். அவர் எழுதிய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெரும் புத்தகம், 1904-ல் எட்டயபுரத்து வித்யா விலாசினி அச்சகத்திலேயே அச்சாகி வெளிவந்தது. தெலுங்கு எழுத்தில் இருந்ததால் நம்மவர்கள் வெகுகாலம் கையில் எடுக்கவில்லை.

போன வருஷம் பேரனைக் கூட்டிக்கொண்டு முத்துசாமி தீட்சிதர் சமாதிக்குப் போனேன். பஸ்ஸில் தம்பி கதை முழுவதும் சொல்லி முடித்தேன். பேரன் கேட்டான்: “அப்ப உங்க பிடில் எங்க தாத்தா?”

பரணில் இருக்கிறது. இரண்டு தந்திதான் மிச்சம்.