களைக்கொல்லிக் காற்றுப் பரவல்: அடுத்த வயல் நெல்லுக்கு நேர்வது

ஒரு வயலில் தெளித்த களைக்கொல்லி காற்றோடு போய் அக்கம்பக்கத்துப் பயிரில் படிவதே களைக்கொல்லிக் காற்றுப் பரவல். நெல்லை அது என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் நல்ல சான்று. அந்நாட்டு நெல்லில் ஏறத்தாழ பாதி அங்கேதான் விளைகிறது; நெல்லும் சோயாவும் அடுத்தடுத்த வயல்களில் நிற்கின்றன. கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றச் சோயா 1996-இல் விற்பனைக்கு வந்தபின், வளர்ந்த சோயாமேலேயே அந்த மருந்தை அடிப்பது வழக்கமாயிற்று. சோயா தாங்கிக்கொள்ளும். நெல்லுக்கு அந்தக் காப்பு இல்லை.

கிளைபோசேட் இலைவழியே புகுந்து குருத்துக்கும் வேருக்கும் ஓடி, சில அமினோ அமிலங்களை உருவாக்கும் நொதியை முடக்குகிறது. இளம்பயிரில் பட்டால் இலை வெளுத்து வளர்ச்சி குன்றும். லேசாகப் பட்டிருந்தால் தேறிவர வாய்ப்புண்டு. கொடுமை, கதிர் உருவாகும் பருவத்திலோ தொண்டைக் கதிர்ப் பருவத்திலோ படும் சிறு அளவுதான். பயிர் பெரும்பாலும் பச்சையாகவே நிற்கும். கதிர் வெளிவரும்போது பார்த்தால் கண்ணாடி இலை குட்டையாகியிருக்கும், கதிர் பாதி உறைக்குள் சிக்கியிருக்கும், மணிகள் கிளிமூக்குப் போல வளைந்து பதராகியிருக்கும். வாரக்கணக்கில் தண்ணீர் கட்டிக் காத்தவருக்கு அன்றுதான் இழப்பு தெரிகிறது. மருந்து எந்த நாளில், எந்த வயலிலிருந்து வந்தது என்று நிறுவுவது அதற்குள் பெரும்பாடாகிவிடும்.

நெல்வயலே நெல்வயலைக் கெடுப்பதும் உண்டு. 2002-இல் வந்த கிளியர்ஃபீல்டு நெல் ரகங்கள், களைநெல்லை ஒழிக்கும் இமாசெதாபிர் மருந்தைத் தாங்கும். பக்கத்துச் சாதாரண ரகத்துக்கு அது நஞ்சு. குளோமசோன் என்னும் களைக்கொல்லி பட்ட இலை வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். பார்க்கத்தான் பயம், நெல் பெரும்பாலும் மீண்டுவிடுகிறது.

பலத்த காற்றில் தெளிக்கக் கூடாது என்பதை எல்லோரும் அறிவர். காற்றே அசையாத மாலையும் ஆபத்துதான். தரையோரக் காற்று குளிர்ந்து, அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் நிற்கும்போது, நுண்துளிகள் கீழே படியாமல் மிதந்து, மெல்லிய அசைவிலேயே வெகுதூரம் போய்விடும். 150 மைக்ரானுக்குக் குறைந்த துளிகளே இப்படி எளிதில் அலைபவை. பெருந்துளி தரும் நாசில், பயிருக்கு அருகே தாழ்த்திய தெளிப்புக் கம்பி, குறைந்த அழுத்தம் ஆகியவை பரவலை வெகுவாகக் குறைக்கின்றன.

ஆர்கன்சா பல்கலைக்கழக வேளாண் விரிவாக்கத் துறை, எந்த வயலில் எந்தப் பயிர் நிற்கிறது என்று தெளிப்பவருக்குக் காட்ட, வயலோரத்தில் வண்ணக் கொடி நடும் முறையைப் பரப்பியது. வெள்ளைக் கொடி கிளைபோசேட்டைத் தாங்கும் பயிருக்கு, மஞ்சள் கிளியர்ஃபீல்டு நெல்லுக்கு. எந்த மருந்தையும் தாங்கும்படி உருவாக்கப்படாத சாதாரண ரகம் நிற்கும் வயலில் சிவப்புக் கொடி பறக்கும்.