மலையேறும் உரிமை: திருவண்ணாமலை வட்டார மலைகளின் வழக்கும் வரலாறும்

மலையேறும் உரிமை என்பது, ஒரு மலையோ பாறையோ யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், அதன் மீது நடந்து ஏறுவதற்குப் பிறருக்கு உள்ள உரிமையையும் அவ்வுரிமைக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகளையும் குறிக்கும். நிலத்தின் உடைமையும் அதில் நடக்கும் உரிமையும் ஒன்றல்ல. இவ்விரண்டும் மோதிக்கொண்ட வரலாறு தமிழ்நாட்டில் நீண்டது. இக்கட்டுரை திருவண்ணாமலை வட்டார மலைகளை முதன்மையாகக் கொண்டு அவ்வரலாற்றை விளக்குகிறது.

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் சாலையில் உள்ள பேரூர். மேற்கே அண்ணாமலை, கிழக்கே செஞ்சிக் குன்றுகள். இக்கட்டுரையாளர் ஆசிரியராக இருந்த காலத்தில் மாணவர்களைச் செஞ்சிக்கு அழைத்துச் சென்றபோது, நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் ஒரு மாணவன், "ஐயா, நம்ம ஊர்ல மலை ஏறச் சீட்டு இல்லையே, இந்த மலை மட்டும் யாருது?" என்று கேட்டான். அன்று சொன்ன விடை அரைகுறையானது. முழு விடைக்கு இலக்கியம், வருவாய்க் கணக்கு, வனச் சட்டம், நீதிமன்றத் தீர்ப்பு ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும்.

சங்க இலக்கியத்தில் மலைவழி

பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், 583 அடிகள் கொண்ட ஆற்றுப்படை நூல். செங்கண்மா எனப்பட்ட இன்றைய செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்துவதாக இது அமைந்துள்ளது. அதில் வரும் நவிரமலை, கலசபாக்கம் பகுதியில் உள்ள பர்வதமலை என அறிஞர்கள் கருதுகின்றனர்.

இந்நூலை மலையேறுவோருக்கான கையேடு என்றே சொல்லலாம். பன்றிக்காக வைத்த பொறிகள் இருக்கும், பார்த்து நடக்க வேண்டும். குழிகளில் பாம்பு மறைந்திருக்கும். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் மேலே படலாம். பாசி படர்ந்த வழுக்குப் பாறையில் கொடிகளைப் பற்றிக்கொண்டு செல்ல வேண்டும் என்றெல்லாம் அது எச்சரிக்கிறது. வழி தெரியாவிட்டால் மலைவாழ் மக்கள் வழிகாட்டுவார்கள், உணவும் தருவார்கள் என்றும் கூறுகிறது. மலை மன்னனுடையது. ஆனால் வழி, அதை அறிந்தவர்களின் கையில் இருந்தது. வந்தவருக்கு அவர்கள் அதைக் காட்டினார்கள்.

பர்வதமலை இன்றும் கடினமான ஏற்றமே. உச்சியை நெருங்கும்போது செங்குத்தான பாறையில் அடித்த கடப்பாறைகளையும் சங்கிலிகளையும் பற்றித்தான் ஏற வேண்டும். பாறையேற்றம் என்ற சொல் விளையாட்டுத் துறைக்கு வருவதற்கு முன்பே நம் மக்கள் அதைச் செய்துவந்தனர் என்பதற்கு இக்கடப்பாறைப் படிகளே சான்று.

செஞ்சி: ஏற முடியாமல் காக்கப்பட்ட பாறை

செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்ற மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து அமைக்கப்பட்டது. இங்கு மலையின் பயன் தலைகீழானது. பிறர் ஏறக் கூடாது என்பதே நோக்கம். சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் உச்சியை, ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட பிளவு மற்ற பாறையிலிருந்து பிரிக்கிறது. அதன் மேல் போடப்பட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்குச் செல்ல வழியில்லை.

முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டே இக்கோட்டையைப் பிடிக்க முடிந்தது. ஆனால் 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் இதைக் கைப்பற்றினார். இன்று இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025 ஜூலையில் மராத்தியப் படைத்துறை நிலக்காட்சிகளின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. மாணவன் கேட்ட நுழைவுச்சீட்டின் பின்னணி இதுதான். செஞ்சியில் நாம் ஏறுவது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் மீது.

வருவாய்க் கணக்கும் வனச் சட்டமும்

ஆங்கிலேயர் காலத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் புல எண் கொடுக்கப்பட்டது. பட்டா நிலம் குடியானவருடையது. எஞ்சியவை புறம்போக்கு, தரிசு, கல்லாங்குத்து எனப் பதிவாயின. ஏரும் ஓடாத, வரியும் வராத பாறைகள் இவ்வாறு அரசின் கணக்கில் சேர்ந்தன. கணக்கில் புல எண் ஏறியது. ஆடு மேய்ப்போரும் விறகு எடுப்போரும் நடந்த ஒற்றையடிப் பாதைகளில் பல ஏறவில்லை.

1882ஆம் ஆண்டில் இரு சட்டங்கள் வந்தன. ஒன்று, சென்னை வனச் சட்டம். இதன்படி ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவிக்கும் முன், அங்கு உரிமை கோருவோரை விசாரித்து முடிவு செய்ய வேண்டும். அறிவித்த பின் அனுமதியின்றி நுழைவது குற்றம். மற்றொன்று, இந்திய வசதியுரிமைச் சட்டம். இதன்படி ஒருவர் பிறருடைய நிலத்தின் வழியே 20 ஆண்டுகள் வெளிப்படையாகவும், தடையின்றியும், உரிமையாகவும் சென்றுவந்தால் அவ்வழி அவருக்கு உரிமையாகும். அரசு நிலமானால் 30 ஆண்டுகள். இங்கு ஒரு நுட்பம் உண்டு. உரிமையாளரின் அனுமதி பெற்று நடந்த காலம் இந்தக் கணக்கில் சேராது. "போய்க்கொள்ளுங்கள்" என்ற சலுகைக்கும் "போவது எங்கள் உரிமை" என்ற நிலைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மலைவழி பற்றிய பெரும்பாலான தகராறுகள் இந்த இரு சட்டங்களுக்கும் நடுவில்தான் பிறக்கின்றன.

குகையில் ஒரு கட்டணம்

திருவண்ணாமலைக்கு 1896 செப்டம்பர் 1 அன்று வந்த ரமணர், சில ஆண்டுகளில் மலைமீதுள்ள விருபாட்ச குகைக்குச் சென்று 1916 வரை அங்குத் தங்கினார். குகையின் உரிமை ஒரு மடத்திடம் இருந்தது. கார்த்திகைத் திருவிழாவில் குகைக்கு வருவோரிடம் மடத்தின் சார்பில் சிறு கட்டணம் வாங்கும் வழக்கம் ஏற்பட்டது. தம்மைப் பார்க்க வருவோரும் பணம் கொடுக்க வேண்டியிருப்பதை அறிந்த ரமணர், குகையை விட்டு வெளியே சென்று அமர்ந்தார். மக்கள் அங்கே சென்றனர். கட்டணத்தின் எல்லை விரிந்தபோது அவர் வேறு குகைக்கு மாறினார். கூட்டமும் மாறியது. இறுதியில் கட்டணம் கைவிடப்பட்டு, அவர் மீண்டும் அழைக்கப்பட்டார்.

குகை மடத்தினுடையது என்பதை இந்நிகழ்ச்சியில் யாரும் மறுக்கவில்லை. அங்கு வருவதற்கு விலை வைக்கலாமா என்பதே கேள்வியாக இருந்தது.

1938ஆம் ஆண்டின் சாட்சியம்

அண்ணாமலையின் உடைமை குறித்து அருணாசலேசுவரர் கோயிலுக்கும் அரசின் வனத்துறைக்கும் இடையே 1930களில் வழக்கு எழுந்தது. கோயில் தரப்பு ரமணரைச் சாட்சியாகக் குறிப்பிட்டது. 1938 மே மாதத்தில் ஆணையம் மூலம் அவர் விசாரிக்கப்பட்டார். மலையே லிங்க வடிவம் என்ற மரபான கருத்தை அவர் அப்போது எடுத்துரைத்தார்.

கணக்குப் பதிவேட்டில் புல எண்ணாக இருந்தது, மக்கள் வழக்கில் இறைவனின் உருவாக இருந்தது. வழக்கு மன்றத்தில் இவ்விரு பார்வைகளும் நேருக்கு நேர் நின்றன. அதனாலேயே இச்சாட்சியம் மலையுரிமை வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

திருப்பரங்குன்றம்: பாறை வேறு, படி வேறு

மலையுடைமை பற்றிய தமிழ்நாட்டு வழக்குகளில் சட்ட மாணவர்கள் அதிகம் படிப்பது திருப்பரங்குன்றம் வழக்கு. 1920இல் தொடுக்கப்பட்ட இதில் மதுரை சார்பு நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1931இல் இலண்டன் பிரிவி கவுன்சில் முதல் தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தியது. பயன்பாட்டில் இல்லாத மலைப்பகுதி கோயிலுக்கு உரியது என்றும், நெல்லித்தோப்பு, அங்கிருந்து மேலே செல்லும் படிக்கட்டு, பள்ளிவாசல் அமைந்த இடம் ஆகியவை முஸ்லிம்களுக்கு உரியவை என்றும் முடிவானது.

இத்தீர்ப்பில் படிக்கட்டு தனியாகக் குறிப்பிடப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். சென்றடைய வழியில்லாத இடத்தின் உரிமை வெறும் காகிதமே என்பதை நீதிமன்றமும் உணர்ந்திருந்தது.

தீபமும் மலைச்சரிவும்

அண்ணாமலையின் உயரம் 2,668 அடி. கார்த்திகைத் தீபத்தன்று உச்சியில் ஏற்றப்படும் தீபம் கீழ்பென்னாத்தூர் வீட்டு மாடிகளிலிருந்தும் தெரியும். கொப்பரையை மேலே கொண்டுசென்று தீபம் ஏற்றும் மரபுரிமை பர்வதராஜகுலத்தாருக்கு உரியது. இவ்வுரிமை பட்டாவில் எழுதப்பட்டதன்று. தலைமுறை தலைமுறையாக அவர்கள் சுமந்த சுமையால் நிலைபெற்றது.

முன்பு தீபத்தன்று விரும்பியவர் எல்லாம் மலையேறினர். கூட்டம் பெருகியதாலும், மிதிபட்டும் தீப்பட்டும் காடு அழிந்ததாலும் கட்டுப்பாடு வந்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பின் 2,500 பேர் வரை அடையாளச் சீட்டுடன் அனுமதிக்கும் முறை சில ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்கள் மரம் நட்டுக் காத்ததால் மொட்டையாகக் கிடந்த சரிவுகளில் பசுமை திரும்பியிருந்தது. அதைக் காக்கவும் கட்டுப்பாடு தேவைப்பட்டது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மறுநாள் பெய்த பெருமழையில் அண்ணாமலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. குழந்தைகள் ஐவர் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். வல்லுநர் குழு மலையை ஆய்வு செய்தது. மண் நெகிழ்ந்திருந்ததால் டிசம்பர் 13 தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. கொப்பரை, நெய், திரி முதலியவற்றைச் சுமப்போரும் பணியில் உள்ளோரும் மட்டும் சென்றனர்.

அதுவரை ஏறுவோர் உரிமை, காட்டின் நலம் என்ற இரண்டைப் பற்றியே பேசிவந்தோம். அடிவாரத்தில் குடியிருப்போரின் உயிர் என்ற மூன்றாவது பொருளை அந்த ஏழு பேரின் இறப்பு முன்னே வைத்தது. இடம் கிடைக்காத ஏழைகள் சரிவில் வீடு கட்டுவதும், மலையேறும் உரிமையைப் போலவே, மலை யாருடையது என்ற கேள்வியைச் சார்ந்ததுதான்.

பிற இடங்களில்

மலையேற்றத்துக்கான கட்டுப்பாடுகள் பல இடங்களில் விபத்துக்குப் பின்னரே வருகின்றன. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னரே தமிழ்நாட்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 40 மலையேற்ற வழிகளை அரசே முன்பதிவு முறையில் திறந்தது.

கர்நாடகத்தின் ராமநகரம், கயிறு கட்டிப் பாறை ஏறுவோருக்கு நன்கு அறிமுகமான ஊர். ஷோலே திரைப்படத்தில் வரும் பாறைகளும் இவையே. அங்குள்ள ராமதேவர் பெட்டா 2012இல் கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின், ஏறுவோரின் விருப்பத்தைவிடப் பறவையின் கூடு முன்னுரிமை பெற்றது.

இங்கிலாந்தில் கின்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலம் பெருநிலக்கிழார்களின் வேட்டைக்காகப் பூட்டப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று ஆலைத் தொழிலாளர்கள் உள்ளிட்ட பல நூறு பேர் அதில் அத்துமீறி நடந்தனர். ஐவர் சிறை சென்றனர். அவர்கள் கேட்ட உரிமையின் பெரும்பகுதி 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது.

ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. 1985 அக்டோபர் 26 அன்று அது அதன் மரபுரிமையாளர்களான அனங்கு மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. தமக்குப் புனிதமான பாறையில் ஏற வேண்டாம் என்று அவர்கள் நெடுங்காலம் வேண்டிவந்தனர். 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது முற்றிலும் நிறுத்தப்பட்டது. ஓரிடத்தில் ஏற விடாதது அநீதியாகவும், மற்றோரிடத்தில் ஏறியதே அநீதியாகவும் இருந்திருக்கிறது.

முடிவுரை

இவற்றிலிருந்து மூன்று கேள்விகளைப் பிரித்தறியலாம். மலை யாருடையது? அதில் யார் நடக்கலாம்? அதைக் காக்கும் பொறுப்பு யாருடையது? முதல் கேள்விக்குப் பதிவேடு விடை சொல்லும். இரண்டாவதற்கு வழக்கமும் சட்டமும் சேர்ந்து விடை சொல்ல வேண்டும். மூன்றாவதற்கு ஏறுவோர், உடைமையாளர், அடிவாரத்தில் வாழ்வோர் ஆகிய மூவரும் பொறுப்பு.

மாணவர்கள் தங்கள் ஊரில் உள்ள குன்றைப் பற்றி இக்கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள பதிவேட்டில் அது என்னவென்று பதிவாகியுள்ளது, அதன் மேல் போகும் பாதையை ஊர்ப் பெரியவர்கள் என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று குறித்து வைக்கலாம். கல்குவாரிக் குத்தகையில் ஒரு குன்று உடைபடும்போது பாறையோடு அப்பாதையும் பெயரும் சேர்ந்தே போய்விடுகின்றன. பாதையை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது நல்லது.