கல் பங்களாவும் ஹூஸ்டன் கணக்கும்

மலருக்கு ஏதாவது எழுதுங்க என்று சங்கச் செயலாளர் விடாமல் கேட்டார். கவிதை நமக்கு வராது. முப்பது வருஷம் சோறு போட்ட தொழிலின் கதையை எழுதுகிறேன்.

சல்லிவன் துரையின் கல் பங்களாவில் நம் கல்லூரி தொடங்கியது 1955-ல். அதே வருஷம் அமெரிக்காவில், ஹூஸ்டனிலிருந்த ஹம்பிள் எண்ணெய்க் கம்பெனியின் பீஸ்மன், ராக்ஃபோர்டு என்ற இருவர் ஒரு கணிதக் கட்டுரை வெளியிட்டார்கள்.

பூமிக்கடியில் எண்ணெய் குளம் மாதிரி நிற்பதில்லை. பாறையின் நுண்துளைகளில் அழுத்தத்தோடு இருக்கிறது. கிணற்றில் எடுக்க எடுக்க, முதலில் அங்கே அழுத்தம் விழும். பிறகு அந்த வீழ்ச்சி மெல்லத் தூரத்துக்குப் பரவும். மணலுக்குள் தண்ணீர் ஓடும் விதியை டார்சி 1856-லேயே சொல்லிவிட்டார். நாளாக ஆக அழுத்தம் எப்படி மாறும் என்று கணக்கிட, வயலைக் கட்டம் கட்டமாக வெட்ட வேண்டும். ஆயிரம் கட்டமென்றால் ஆயிரம் சமன்பாடு, எல்லாம் ஒரே நேரத்தில்! அன்றைய கணிப்பொறி அதைத் தாங்காது. இருவரும் ஒரு வழி கண்டார்கள்: பாதி அடிக்குக் குறுக்கு வரிசைகளை மட்டும் தீர்ப்பது, மறுபாதிக்கு நெடுக்கு வரிசைகளை. மலையை மொத்தமாப் பார்த்தா மலைப்புதான், நிரை நிரையாப் போனா பொழுதுக்குள்ள முடியும் என்று கொழுந்தெடுக்கும் எங்க அம்மா சொல்வார்கள். அதேதான்.

காவிரிப் படுகை வயல் ஒன்றுக்கு நான் போட்ட முதல் மாடல் கிணற்றில் அளந்த அழுத்தத்தோடு ஒட்டவே இல்லை. சீனியர் சிரித்துக்கொண்டே பீஸ்மனின் 1978 கட்டுரையை நீட்டினார். கட்டத்தின் அழுத்தம் கிணற்றின் அழுத்தம் அல்ல. சதுரக் கட்டத்தின் பக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளியிருக்கும் இடத்தின் அழுத்தம். 200 மீட்டர் கட்டமென்றால் 40 மீட்டர்.

1978 என்றதும் மனசு ஊருக்குப் போய்விட்டது. அந்த வருஷக் கடைசி மழையில் நீலகிரியில் நூற்றுக்கும் மேல் மண்சரிவுகள். சிலோனிலிருந்து திரும்பி வந்த எங்கள் குடும்பம் கோத்தகிரிப் பக்கம் லயத்தில் இருந்தது. நான் இங்கே ஹாஸ்டலில். ஒரு வாரம் தகவலே இல்லை. சாயங்காலம் ஊற்றுத் தண்ணீர் செம்மண்ணாய்க் கலங்கி வந்ததைப் பார்த்த அப்பா எல்லோரையும் கிளப்பிக்கொண்டு ஸ்டோருக்குப் போயிருக்கிறார். ராத்திரி மேடு இறங்கியது. லயம் போச்சு, ஆள் தப்பியது.

அப்பாவுக்கு டார்சியைத் தெரியாது. ஆனால் விஷயம் ஒன்றுதான். எண்ணெய் எடுத்தால் அழுத்தம் இறங்கும். மழை ஊறினால் மண்துளைகளில் அழுத்தம் ஏறும், மண்ணின் பிடி தளரும். முழுக்க நனையாத மண்ணுக்குக் கணக்கு இன்னும் முரண்டு பிடிக்கும், அது வேறு தலைவலி. 1993-ல் மரப்பாலம், 2009-ல் குன்னூர், கேத்தி என்று பேப்பரில் படித்தபோதெல்லாம் எனக்கு அந்தச் செம்மண் தண்ணீர்தான் ஞாபகம்.

ஓய்வுக்குப் பிறகு ஒரே ஒரு சரிவுக்கு, நாற்பதுக்கு நாற்பது கட்டத்தில், மாடல் எழுதி வைத்திருக்கிறேன். ஒட்டிப் பார்க்கத்தான் அளவு இல்லை. குழாய் இறக்கி, மழைக்காலம் பூராவும் தினம் நீர்மட்டம் குறித்துவைக்க நாலு பேர் வேண்டும். சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணிதத் துறை வராந்தாவில் இருப்பேன்.