ஹூகன்பேர்க்: கதவைத் திறந்துவிட்ட பழைமைவாதி

ஜேர்மனியில் நாஸிக் கட்சி ஆட்சிக்கு வந்த வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் ஹிட்லரின் நாவன்மையையும் 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தையுமே முதன்மைப்படுத்துவர். ஆயினும், 1933இல் ஹிட்லர் தனது கட்சியின் பலத்தினால் மாத்திரம் பதவியில் அமரவில்லை. செல்வமும் கல்வியும் சமூக மதிப்பும் வாய்ந்த பழைமைவாதிகள் அவருக்குக் கைகொடுத்தனர். அவர்களுள் முக்கியமானவர் அல்பிரட் ஹூகன்பேர்க்.

1865இல் ஹனோவரில் பிறந்த அவர், பின்னாளில் 'அகில ஜேர்மன் சங்கம்' எனப் பெயர்பெற்ற தீவிர தேசியவாத அமைப்பை 1891இல் தோற்றுவித்தோருள் ஒருவர். பின்னர் பிரஷ்ய அரசின் குடியேற்ற ஆணைக்குழுவில் பணியாற்றினார். போலந்து மக்கள் செறிந்து வாழ்ந்த கிழக்குப் பிராந்தியங்களில் நிலங்களை வாங்கி, அங்கு ஜேர்மன் விவசாயிகளைக் குடியமர்த்துவதே அவ்வாணைக்குழுவின் நோக்கமாகும். நாடு என்பது ஒரே இனத்தின் உடைமை என்ற அவரது கருத்து இப்பணிக்கு முற்றிலும் இசைவானதாக இருந்தது.

1909 முதல் 1918 வரை குருப் உருக்கு நிறுவனத்தின் நிர்வாகத் தலைவராக இருந்தபோது, கைத்தொழில் அதிபர்களின் பணத்தைப் பத்திரிகைத் துறைக்குத் திருப்பும் வழியை அவர் கண்டார். 1916இல் பேர்லினின் ஷேர்ல் பதிப்பகமும், 1927இல் ஊஃபா திரைப்பட நிறுவனமும் அவரது ஆதிக்கத்தின் கீழ் வந்தன. தமக்கெனச் செய்தியாளரை வைத்திருக்க வசதியற்ற மாகாணச் சிறு பத்திரிகைகளுக்கு அவரது நிறுவனங்கள் செய்திகளையும் ஆயத்தக் கட்டுரைகளையும் விநியோகித்தன. தமது ஊரின் சுதந்திரக் குரல் எனக் கருதி வாசகர் படித்தவற்றுள் கணிசமானவை ஒரே இடத்தில் எழுதப்பட்டவையாகும்.

ஜேர்மன் தேசிய மக்கள் கட்சி 1924 டிசம்பரில் 20.5 சதவீத வாக்குகளைப் பெற்றிருந்தது; 1928 மே மாதம் அது 14.2 சதவீதமாகச் சரிந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் தலைமையேற்ற ஹூகன்பேர்க், குடியரசுடன் செய்துகொண்ட சமரசமே தோல்விக்குக் காரணம் என முடிவுசெய்தார். போர் நட்டஈடு குறித்த யங் திட்டத்தை எதிர்த்து 1929இல் மக்கள் வாக்கெடுப்பொன்றைக் கோரிய அவர், அதற்கென ஹிட்லருடன் கூட்டுச் சேர்ந்தார். அத்திட்டத்தில் கையொப்பமிடும் அமைச்சர்களைத் தேசத் துரோகிகளாகத் தண்டிக்கவும் அவர்கள் முன்வைத்த சட்டமூலம் வகைசெய்தது. டிசம்பர் 22இல் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 58 இலட்சம் பேரே ஆதரித்தமையால் அம்முயற்சி தோற்றது.

எனினும், அதனால் பயனடைந்தவர் ஹிட்லரே. மரியாதைக்குரிய கனவான்களுடன் ஒரே மேடையில் அமரும் தகுதி அவருக்குக் கிட்டியது. ஹூகன்பேர்க்கின் ஊடகங்கள் நாஸிகளை எந்தளவுக்கு வளர்த்தன என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தேர்தல் முடிவுகளின் திசையிலோ ஐயமில்லை. 1930 செப்டெம்பரில் நாஸிகள் 18.3 சதவீதத்தை எட்டினர். மிதவாதிகள் வெளியேறிய ஹூகன்பேர்க்கின் கட்சி 7 சதவீதமாகச் சுருங்கியது. அவ்வாறிருந்தும் 1931 ஒக்டோபரில் பாட் ஹார்ஸ்புர்க் நகரில் அவர் மீண்டும் ஹிட்லருடன் அணிசேர்ந்தார்.

1933 ஜனவரி 30இல் ஹிட்லர் அமைத்த அமைச்சரவையில் அவர் பொருளாதாரத்துக்கும் விவசாயத்துக்கும் பொறுப்பேற்றார். அவ்வமைச்சரவையில் ஹிட்லருடன் சேர்த்து மூன்று நாஸிகளே இருந்தமையால், அவரைக் கட்டுக்குள் வைத்திருக்கலாம் எனப் பழைமைவாதிகள் நம்பினர். புதிய தேர்தலை முதலில் எதிர்த்த ஹூகன்பேர்க் இறுதியில் இணங்கினார். மார்ச் 5இல் நாஸிகள் பெற்ற 43.9 சதவீதத்துடன் அவரது அணியின் 8 சதவீதம் சேர்ந்தே பெரும்பான்மை உருவானது. மார்ச் 23இல், பாராளுமன்றத்தின் அதிகாரத்தை ஹிட்லரிடம் ஒப்படைத்த சட்டத்துக்கும் அவரது கட்சி ஆதரவாக வாக்களித்தது. ஜூன் மாத இறுதியில் அவர் பதவி துறந்தார்; கட்சியும் கலைந்தது. ஐந்து மாதங்கள்கூட நிறைவடைந்திருக்கவில்லை.

அவர் நாஸிக் கட்சியில் ஒருபோதும் இணையவில்லை. ஆயினும் 1945 வரை, அதிகாரமிழந்த பாராளுமன்றத்தில் உறுப்பினராக நீடித்தார். போரின் பின் பிரித்தானியரால் தடுத்துவைக்கப்பட்டு, பல கட்ட விசாரணைகளின் முடிவில் விடுவிக்கப்பட்ட அவர், 1951இல் காலமானார்.

விசாரணை மன்றங்கள் ஒருவரது அங்கத்துவத்தையும் செயல்களையும் எடைபோடலாம். வரலாறோ, அவரது உதவியின்றி எது நிகழ்ந்திராது என்றும் வினவுகிறது. வெறுப்பைப் போதித்தோரை விட, அதனைத் தமது நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம் எனக் கணக்கிட்ட கண்ணியவான்களுக்கு அக்கேள்விக்குப் பதிலளிப்பது கடினமானது.